சனிக்கிழமைப் பணம்: ஒரு மேனேஜ்மென்ட் பிஎச்டி அனுபவம்

எம்பிஏ முடித்ததும் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் கோவையில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்து, பவர் டேபிள் யூனிட்டுகளுக்குப் பணம் எப்படி வருகிறது, இழுத்தடித்தால் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை ஆய்வு செய்து பிஎச்டி வாங்கினேன். பவர் டேபிள் தெரியாதவர்களுக்கு: பெரிய கம்பெனி துணியை வெட்டிக் கொடுக்கும், இவர்கள் தங்கள் இடத்தில் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பார்கள், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. "அக்கா, மேனேஜ்மென்ட்ல பிஎச்டி பண்ணலாமா, அதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பதவி உயர்வுக்காகச் செய்யும் சம்பிரதாயம்தான் மேனேஜ்மென்ட் ஆராய்ச்சி என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் ஒரு தொழில் நிஜத்தில் எப்படி ஓடுகிறது என்று உட்கார்ந்து பார்த்து, அளந்து, இன்னொருவர் சரிபார்க்கும்படி எழுதி வைப்பது அவசியமான வேலை என்று நான் முழுசாக நம்புகிறேன், கடன் வாங்கி மெஷின் போட்டவர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. அந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமானால் கேள்வியும் சரி, அளவுகோலும் சரி, களத்தில் உரசிப் பார்த்ததாக இருக்க வேண்டும். நான் கற்றதெல்லாம் சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து நிற்கிறது.

பிசினஸ் ஸ்கூல் ஆராய்ச்சி ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1959-ல் அமெரிக்காவில் ஃபோர்டு ஃபவுண்டேஷன் ஆதரவில் ஒன்றும் கார்னகி கார்ப்பரேஷன் ஆதரவில் ஒன்றுமாக இரண்டு அறிக்கைகள் வந்தன. பிசினஸ் ஸ்கூல் படிப்பில் ஆழம் இல்லை, ஆராய்ச்சி பலவீனமாக இருக்கிறது என்று இரண்டும் அடித்துச் சொல்லின. அதன் பிறகுதான் பொருளாதாரம், உளவியல், புள்ளியியல் படித்தவர்கள் அங்கே பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். 1961-ல் அகமதாபாத், கல்கத்தா ஐஐஎம்கள் தொடங்கியபோதும் ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவி இருந்தது, அகமதாபாத்துக்கு ஹார்வர்டும் கல்கத்தாவுக்கு எம்ஐடியும் கைகொடுத்தன. அந்த வழியில் நமக்கு நல்ல முறைகள் கிடைத்தன, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூடவே, ஃபேக்டரி வாசலை மிதிக்காமலே ஃபேக்டரியைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதும் பழக்கமும் வளர்ந்துவிட்டது.

தலைப்பு தேடுகிறவர்கள் முதலில் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. 'எ ஸ்டடி ஆன்' என்று தொடங்கி 'வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு' என்று ஒரு மாவட்டப் பெயரோடு முடியும் தலைப்புகள் எத்தனை என்று நீங்களே பாருங்கள். ஊழியர் திருப்தி, வாடிக்கையாளர் திருப்தி, வேலைப்பளு, இந்த மூன்றுக்கும் மாவட்டம் மாற்றி மாவட்டம் ஆய்வேடு இருக்கிறது. மாவட்டம் மாறினால் விடை ஏன் மாற வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் அந்தத் தலைப்பை எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்குக் கேள்வி கணக்குப் பிரிவில் இருந்தபோதே மனசில் விழுந்தது. ஜாப் ஒர்க் பில்லுக்குப் பணம் போடுவதை எங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வாங்குகிறவர் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரியாததும், தெரிந்தால் யாருக்காவது உதவுவதும் ஒரே கேள்வியில் அமைந்தால் அதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

என் கைடு நல்லவர், கண்டிப்பானவரும்கூட. கேள்வித்தாளை எழுதத் தொடங்கும் முன்னால், "போய் நாலஞ்சு யூனிட்ல சும்மா உக்காந்துட்டு வாம்மா, பேனாவை வெளிய எடுக்காத" என்று அனுப்பினார். அந்த ஒரு சொல்தான் என் ஆய்வைக் காப்பாற்றியது.

எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். பணத் தாமதத்தை அளக்க ஆராய்ச்சிகளில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வருகிறது என்பது. சட்டமும் நாள் கணக்கில்தான் பேசுகிறது. 2006-ன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பாண்டியன் நகர் பக்கம் ஒரு யூனிட்டில் அந்த அண்ணாவிடம் இதே கேள்வியைக் கேட்டேன். "ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகுங்க" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்த முறை போனபோது அவர் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த நீள நோட்டை என் பக்கம் தள்ளினார், நீயே பார்த்துக்கோ என்பது போல.

இடது பக்கம் தேதி, டிசி (டெலிவரி சலான்) நம்பர், பீஸ், ரேட், தொகை. வலது பக்கம் தேதியும் வரவும் மட்டும். இடது பக்கத்தில் ஒரு வாரம் 6,240 பீஸ், ரேட் ஏழு ஐம்பது, தொகை 46,800 என்று இருந்தது. அதற்கு நேராக வலது பக்கத்தில் 30,000. அடுத்த வாரம் வேறு தொகை, வரவு 28,000. வரவுப் பக்கத்தில் இருந்தது எல்லாமே ஆயிரத்தில் முடியும் ரவுண்டான தொகை, தேதியெல்லாம் சனிக்கிழமை. எந்த வரவும் எந்த பில்லுக்கும் எதிரானதாக இல்லை. எந்த பில்லுக்கு இந்தப் பணம் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "பில்லப் பாத்து ஆருங்க பணம் போடறாங்க? சனிக்கெழம சம்பளத்துக்கு எவ்வளவு வேணும்னு கேப்பாங்க, அதப் போடுவாங்க, மிச்சம் நோட்டுல நிக்குமுங்க அம்மணி."

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பில்லுக்குப் பணம் வருவதில்லை, கூலி நாளுக்குப் பணம் வருகிறது. அப்படியானால் 'எத்தனை நாளில் வருகிறது' என்ற கேள்விக்கு இந்தத் தொழிலில் விடையே கிடையாது. கேட்டால் மரியாதைக்கு ஒரு எண் சொல்வார்கள், அந்த எண்ணை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் சராசரி வரும், அட்டவணை வரும், முடிவுரையும் வரும், எல்லாமே நடக்காத ஒன்றைப் பற்றியதாக இருக்கும். இங்கே அளக்க வேண்டியது நோட்டில் நிற்கும் பாக்கி. அந்தப் பாக்கி அந்த யூனிட்டின் எத்தனை வாரக் கூலிக்குச் சமம் என்று கணக்கிட்டால்தான் பெரிய யூனிட்டையும் சின்ன யூனிட்டையும் ஒரே தராசில் வைக்க முடியும். என் ஆய்வேட்டின் மையமான அளவுகோல் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

ஆகவே நான் சொல்லும் முதல் நடைமுறை விஷயம்: நீங்கள் அளக்கப் போகும் பொருளுக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு நோட்டு, ஒரு ரிஜிஸ்டர், ஒரு வாட்ஸ்அப் குரூப், ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கண்ணால் பார்க்காமல் கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவமனை என்றால் டோக்கன் நோட்டு, மளிகைக் கடை என்றால் கடன் நோட்டு, சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் டிக்கெட் சிஸ்டம். மனிதர்கள் ஞாபகத்திலிருந்து சொல்வதும் அவர்கள் அன்றன்றைக்கு எழுதி வைத்ததும் வேறு வேறாக இருக்கும். அந்த வித்தியாசமே சில சமயம் ஒரு முழு அத்தியாயத்துக்குத் தாங்கும்.

அடுத்தது 384. தமிழ்நாட்டு மேனேஜ்மென்ட் ஆய்வேடுகளைத் திறந்தால் இந்த எண் அடிக்கடி கண்ணில் படும். 1970-ல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் வெளியிட்ட ஒரு அட்டவணையில், மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் கடைசியில் வந்து நிற்கும் மாதிரி அளவு அது. 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை என்று வைத்துக்கொண்டு, ஒரு விகிதத்தைக் கணிக்க, அதுவும் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் செல்லும். தெரிந்தவர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி 384 பேரைச் சேர்ப்பதற்கும் இந்த அட்டவணைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க, வழக்கமான 80 சதவீதத் திறனுக்கு, அதாவது வித்தியாசம் நிஜமாக இருந்தால் நூற்றில் எண்பது முறை பிடிபடும் அளவுக்கு, குழுவுக்கு 64 பேர் போதும். ரொம்பச் சின்ன வித்தியாசம் என்றால் 384 பேரும் போதாது. ஜி-பவர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, உங்கள் கேள்வியைப் போட்டு எத்தனை பேர் வேண்டும் என்று நீங்களே கணக்கிடுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஏன் இத்தனை பேர் என்று கேட்டால் காரணத்தோடு பதில் சொல்லலாம்.

எனக்கு வேறு வழி பொருந்தியது. யூனிட்டுகள் அறுபது சொச்சம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் வாராவாரம் நோட்டுக் கணக்கு. ஒரு யூனிட்டை இன்னொன்றோடு ஒப்பிடுவதைவிட அதே யூனிட்டை அதன் முந்தைய வாரங்களோடு ஒப்பிடுவது பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும். முதலாளியின் திறமை, இடம், சாதி, சொந்தபந்தம் போன்று வாரத்துக்கு வாரம் மாறாதவை தானாகவே கழிந்துவிடும். இந்தத் தைரியம் எனக்கு வந்தது மும்பைக்கு அருகே துணி ஆலைகளில் நிக்கோலஸ் புளூமும் அவர் கூட்டாளிகளும் செய்த ஆய்வைப் படித்த பிறகு. 2013-ல் வெளியானது. வெறும் 17 நிறுவனங்கள். சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்களை அனுப்பி, தரையைச் சுத்தமாக வைப்பது, பழுதை எழுதி வைப்பது, நூல் இருப்பைக் கணக்கிடுவது போன்ற அடிப்படைப் பழக்கங்களை ஏற்படுத்தினார்கள், முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. சில வருடம் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பப் போய், அந்தப் பழக்கங்களில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்றும் பார்த்தார்கள். எண்ணிக்கை சின்னது, பார்வை ஆழமானது. பிசினஸ் ஸ்கூல் ஆய்வு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

லைக்கர்ட் அளவுகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றில் 'முற்றிலும் உடன்படவில்லை' முதல் ஐந்தில் 'முற்றிலும் உடன்படுகிறேன்' வரை ஐந்து கட்டம். ஆர்டர் கொடுக்கும் கம்பெனியை இங்கே 'பார்ட்டி' என்பார்கள். 'உங்கள் பார்ட்டி வாக்குறுதியைக் காப்பாற்றுவார்' என்று கேட்டால் பவர் டேபிள் முதலாளிகள் எல்லாரும் நாலிலோ ஐந்திலோதான் டிக் அடிப்பார்கள். நம்மை அந்தப் பார்ட்டி அனுப்பியிருப்பானோ என்ற சந்தேகம் ஒரு காரணம், வந்தவளிடம் மூன்றாம் மனிதரைக் குறை சொல்லக் கூடாது என்ற பண்பு இன்னொன்று. பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் க்ரோன்பாக் ஆல்ஃபா பிரமாதமாக வரும், ஏனென்றால் ஐந்து போடுகிறவர் எல்லாவற்றுக்கும் ஐந்து, நாலு போடுகிறவர் எல்லாவற்றுக்கும் நாலு. ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டிவிட்டது என்பதால் நீங்கள் நம்பிக்கையைத்தான் அளந்தீர்கள் என்று ஆகிவிடாது. நான் அதை விட்டுவிட்டு ஒரு சூழ்நிலையைச் சொல்லிக் கேட்டேன்: நாளைக்கு ரெண்டு ஆர்டர் வருது, ஒண்ணு வழக்கமான பார்ட்டி, இன்னொண்ணு புதுசு, பீஸுக்கு ஒரு ரூபா அதிகம் தர்றாங்க, எதை எடுப்பீங்க, ஏன்? அந்த 'ஏன்' வந்த பிறகு அரை மணி நேரம் பேசினார்கள். புது ஆளை நம்பி எடுத்து ஏமாந்த கதை, வழக்கமான பார்ட்டி கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்த கதை எல்லாம் அதில்தான் வந்தன.

ஒப்புதல் படிவத்தில் ஒரு நுணுக்கம். எத்திக்ஸ் கமிட்டி கையெழுத்து வேண்டும் என்று சொல்லும், யூனிட்டுகளில் கையெழுத்து என்றாலே ஜிஎஸ்டி ஆள் என்று பயப்படுவார்கள். தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, வாசித்துக் காட்டி, வாய்மொழிச் சம்மதத்தைச் சாட்சியோடு பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காரணத்தைச் சரியாக விளக்கினால் கமிட்டி ஏற்கும். பெயர்ப் பட்டியலையும் தரவையும் தனித்தனி ஃபைலில் வையுங்கள்.

படித்ததில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது பிரையன் உஸ்ஸி 1997-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை. நியூயார்க்கில் 23 ஆயத்த ஆடை நிறுவனங்கள், அங்கேயும் தைத்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர்கள். நெருங்கிய உறவில் வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தகவல் சீக்கிரம் கிடைக்கிறது, சிக்கலைச் சேர்ந்து தீர்க்கிறார்கள், ஆனால் நெருக்கம் ஒரு அளவைத் தாண்டினால் அதுவே இடைஞ்சல் ஆகிவிடுகிறது என்பது அவர் கண்டது. என் தரவிலும் அதன் சாயல் இருந்தது. பல வருடமாக ஒரே பார்ட்டிக்கு மட்டும் தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமைப் பணம் தவறியதே இல்லை, அவர்கள் நோட்டில்தான் பாக்கியும் அதிகம். இரண்டு மூன்று பார்ட்டி வைத்திருந்தவர்களுக்குச் சில வாரம் பணம் தவறியது, ஆனால் பாக்கி கட்டுக்குள் இருந்தது. இதை முதலாளிகளிடம் சொன்னபோது ஆச்சரியப்படவில்லை, கம்ப்யூட்டரில் அது தெரிந்ததுதான் அவர்களுக்கு ஆச்சரியம்.

தரவை வைத்துக்கொள்வது பற்றி. படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் மக்கள் பொய் சொல்வது குறையும் என்று 2012-ல் வந்த ஒரு பிரபலமான கட்டுரை, தரவு புனையப்பட்டது என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. டேட்டா கொலாடா என்ற பெயரில் எழுதும் மூன்று பேராசிரியர்கள் அதற்கு வெளியிட்ட ஆதாரங்களை ஒவ்வொரு ஆய்வு மாணவரும் படிக்க வேண்டும். அந்தக் கட்டுரையின் தரவு, கார் எத்தனை மைல் ஓடியது என்று மனிதர்கள் எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன கணக்கு. அப்படி எழுதும்போது ஆயிரம், ஐந்நூறு என்று முழு எண்ணாக எழுதும் பழக்கம் இருக்கும், அந்தத் தரவில் இரண்டாம் முறை எடுத்ததாகச் சொன்ன எண்களில் அந்தப் பழக்கம் காணாமல் போயிருந்தது. என் நோட்டு வரவுகள் எல்லாம் ரவுண்டான தொகை என்று சொன்னேன் அல்லவா, மனிதர்கள் முடிவு செய்து கொடுக்கும் தொகை நிஜத்தில் அப்படித்தான் இருக்கும். ஒரு கமிட்டி உறுப்பினர் 'இவ்வளவு ரவுண்டாக இருக்கிறதே' என்று கேட்டபோது நோட்டுப் பக்கங்களின் போட்டோவைத் தேதியோடு காட்ட முடிந்தது. மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துவிடுங்கள், சுத்தம் செய்ததை வேறு ஃபைலில் செய்யுங்கள், என்ன மாற்றினீர்கள் என்று வரி வரியாக எழுதுங்கள். டேட்டா அனாலிசிஸை வெளியே காசு கொடுத்துச் செய்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆய்வின் சுவையே அங்கேதான் இருக்கிறது, அதை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்?

வெளியீடு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு விதி வைத்துக்கொள்ளலாம், உங்கள் பல்கலைக்கழக விதியைப் படியுங்கள். ஸ்கோப்பஸ் என்பது ஆய்விதழ்களின் பட்டியல், 'பத்து நாளில் ஸ்கோப்பஸ்' என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் திறக்காதீர்கள். இதழின் பெயரை ஸ்கோப்பஸ் தளத்திலேயே தேடிப் பாருங்கள், இன்றைக்கு இருக்கிற இதழ் நாளைக்கு நீக்கப்படுவதும் உண்டு. மேனேஜ்மென்ட்டுக்கு ஆஸ்திரேலியாவின் ஏபிடிசி பட்டியல் ஓரளவு நம்பகமான வழிகாட்டி. அதைவிட எளிய சோதனை: நீங்கள் மதிக்கும் மூன்று ஆய்வாளர்கள் அந்த இதழில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். காப்பி அடித்திருக்கிறதா என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் 10 சதவீதம் வரை யுஜிசி 2018 விதிகளின்படி தண்டனை இல்லை.

இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ரெவ்யூவர் கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே நகல் எடுத்துப் போட்டு, கீழே பதில், அதற்குக் கீழே மாற்றிய வாக்கியம், பக்க எண். 'திருப்பூர் ஏன், இது வேறு எங்கே பொருந்தும்' என்று எனக்குக் கேட்டார்கள். நியூயார்க் தையல் கடைகளைப் பற்றிய ஆய்வு உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும்போது திருப்பூர் ஏன் பாடமாகக் கூடாது என்று எனக்குள் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பதிலில் கோபத்தை எழுதவில்லை. வாரக்கூலி, எழுதாத ஒப்பந்தம், கூலிக்குத் தைத்தல், இந்த மூன்றும் சேர்ந்த இடங்களிலெல்லாம் இது பொருந்தலாம், ஏன் என்றால் இப்படி, என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்வதைவிட அந்த ஊரை அப்படி ஆக்கிய காரணங்களைச் சொன்னால் வெளியூர் வாசகருக்குப் பிடிபடும்.

கடைசியாக, தரவு தந்தவர்களிடமே முடிவுகளைத் திருப்பிக் கொடுப்பது. இதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, பெரும்பாலானவர்கள் செய்வதுமில்லை. நான் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ ஏற்பாடு செய்து கூப்பிட்டேன். வந்தவர்கள் கேட்டது மூன்று விஷயம். சிறுதொழில் என்று அரசிடம் உத்யம் பதிவு செய்தால் பார்ட்டி ஆர்டர் தர யோசிக்கிறானே, என்ன செய்வது? வருமான வரியில் 2023-24 நிதியாண்டு முதல், சிறு, குறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் பணம் கொடுக்காவிட்டால், பணம் கொடுக்கும் வருடக் கணக்கில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்று வந்திருப்பதால் பார்ட்டிகளுக்கு இந்தப் பயம். பாக்கியை வாரக் கூலியால் வகுத்துப் பார்ப்பதை நோட்டில் எப்படி எழுதுவது? எந்தப் பார்ட்டி அதிகப் பாக்கி வைக்கிறான்? மூன்றாவதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன் என்று ஒப்புதல் படிவத்தை எடுத்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதுக்கு நோட்டின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். முதலாவதுக்கு என்னிடம் தரவு இல்லை, பதிவு செய்த யூனிட்டுகளையும் செய்யாதவற்றையும் ஒப்பிட்டு யாராவது பார்க்க வேண்டும். தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், நோட்டு காட்டுகிறவர்களிடம் அறிமுகம் செய்துவைக்கிறேன்.